பீட முகப்பு முதல் திருக்கொடி வரை: தீவுக் கோயிலுக்கான அச்சு அலங்காரம்

கத்தோலிக்கக் கோயிலில் அச்சு அலங்காரத்துக்கு இடம் தரும் பொருள்கள் சிலவே. பலிபீடத்தின் முகப்பில் தொங்கும் துணி, வாசக மேடைத் துணி, நற்கருணைப் பேழையின் திரை, தூணிலும் சுவரிலும் தொங்கும் சீலைகள், திருவிழாக் கொடி, சப்பரத்தின் தொம்பைகள், குருவின் திருப்பலி உடை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பெரிய ஊர்க் கோயில்களில் இவை துணைப் பொருள்கள்தாம். அங்கே கண்ணை இழுப்பவை செதுக்கிய மரமும் சலவைக்கல்லும். சின்ன அந்தமான் தீவின் ஹட் பேயில் கணக்கு மாறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு தீவுகளில் மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. செந்நிறப் படாக் மரத்தில் பீடம் செதுக்குவது எண்ணிப் பார்க்க எளிது, செய்து முடிக்க அரிது. கல் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. கடல் தாண்டி அந்தமான் தீவுகளின் தலைநகருக்கு வந்து, அங்கிருந்து இன்னும் 120 கி.மீ. தெற்கே கப்பலேற வேண்டும். துணியோ ஒரு பைக்குள் அடங்கிவிடும். ஆகவே சிறிய பங்குக்குக் கைக்கெட்டும் அலங்காரம் அச்சிட்ட துணியே.

அந்தத் துணிக்குத் தீவே எதிரி. இங்கே தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை பெய்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மி.மீ. உப்புக் காற்று ஜன்னலைத் தாண்டி உள்ளே வரும். இங்கே படம் அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. துணி எங்கே தொங்கப்போகிறது? எத்தனை முறை துவைபடப்போகிறது? வடிவமும் நிறமும் அச்சு முறையும் இவற்றுக்கான பதிலிலிருந்தே பிறக்க வேண்டும்.

அச்சுக்கு உரிய இடமும் வெண்மைக்கு உரிய இடமும்

பீடத்தின் மேற்பரப்பில் அச்சு கூடாது. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் (மூன்றாம் பதிப்பு, 2002) பீடத்தின்மீது குறைந்தது ஒரு வெள்ளைத் துணியாவது விரிக்கப்பட வேண்டும் என்கின்றன. அந்தத் துணியின் நீளமும் அகலமும் வடிவமும் பீடத்தின் அமைப்புக்கு ஏற்றபடி இருக்கலாம். பீடத்தின்மேல் திருப்பலிக்குத் தேவையானவை மட்டுமே வைக்கப்படும் என்பதும் அதே விதிமுறைகளில் உண்டு. மேற்பரப்பு வெறுமையாக இருப்பதே அதன் அலங்காரம். பூ அச்சிட்ட மேசைவிரிப்பைப் பீடத்தில் விரிக்கும் பழக்கம் பல சிற்றூர்க் கோயில்களில் உள்ளது. அது வீட்டுச் சாப்பாட்டு மேசையைத்தான் நினைவூட்டுகிறது.

அப்பமும் கிண்ணமும் வைக்கப்படும் சதுரத் துணி, கிண்ணம் துடைக்கும் துணி ஆகியவற்றிலும் அச்சு வேண்டாம். இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 2004 மார்ச் 25 அன்று வெளியான ‘மீட்பின் அருளடையாளம்’ என்னும் உரோமைப் போதனையின்படி, இத்துணிகளை முதலில் அலசும் நீரைச் சாக்கடையில் விடக்கூடாது. அதற்கென அமைந்த தொட்டியிலோ தகுந்த இடத்து மண்ணிலோ ஊற்ற வேண்டும். எச்சம் எதுவும் இழைகளில் தங்கக்கூடாது என்பதே நோக்கம். அச்சுப் பசை படிந்த துணியில் கறை எது, சாயம் எது என்று தெரியாது. தேவையானால் ஒரு மூலையில் வெள்ளை அல்லது சிவப்பு நூலால் சிறு சிலுவை தைக்கலாம்.

இந்தியாவுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வழிபாட்டை இந்தியப் பண்பாட்டுக்கு இசைவிக்கும் 12 அம்சங்களுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை இசைவு தந்தது. 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் இயக்குநர் து. ச. அமலோற்பவதாஸ் இந்த முயற்சியின் முதன்மையான முகம். சதுரத் துணிக்குப் பதிலாகத் தாம்பூலத் தட்டு, மெழுகுவத்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு, மரபான திருப்பலி உடைக்குப் பதிலாக ஓர் அங்கியும் அங்கவஸ்திரமும் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. துணி வடிவமைப்பவருக்கு இதில் கடைசியது முக்கியம். அங்கவஸ்திரத்துக்குக் கரையும் முந்தியும் உண்டு. அச்சு அந்த இரண்டோடு நின்றுகொண்டால் போதும்.

பீட முகப்புதான் அச்சுக்குக் கிடைக்கும் பெரிய வெளி. ஆனால் அதைப் பசை போட்டு ஒட்டக்கூடாது, ஆணி அடித்து நிறுத்தக்கூடாது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குப் பின் பீடம் களையப்படும். மறுநாள் சிலுவை, விளக்கு, துணி எதுவுமின்றி அது வெறுமையாக நிற்கும். கழற்ற முடியாத அலங்காரம் அந்த நாளைக் கெடுத்துவிடும். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு முதல் சிலுவையையும் சுரூபங்களையும் மூடும் வழக்கம் உள்ள கோயில்களில் அந்த மூடுதுணி ஊதா நிறத்தில், ஒரு கோடும் அச்சிடாமல் இருப்பது நல்லது. மறைப்பதற்கென்று போடும் துணியில் பார்ப்பதற்கு எதற்கு?

வடிவங்கள் கிடைக்கும் இடம்

அலங்கார வடிவங்களை அச்சிட்டு நூலாகப் பரப்பும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா பொஸ்ஸோ 1693இலும் 1700இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில் இருந்த பீட வரைபடங்களைப் பார்த்து பல நாடுகளில் பீடங்கள் எழுந்தன. உரோமைப் பொற்கொல்லர் ஜொவான்னி ஜார்தினி 1714இல் கிண்ணம், தூபக்கலசம், பீட விளக்கு முதலியவற்றுக்கான வரைபடங்களைச் செப்புத்தகட்டு அச்சில் வெளியிட்டார். துணி வேலைக்கு இவர்களைவிடப் பயன்படுபவர் இங்கிலாந்தின் அகஸ்டஸ் பியூஜின். கோயில் அலங்காரம், உடை பற்றி 1844இல் அவர் கொண்டுவந்த சொற்களஞ்சியத்தின் வண்ணப் பக்கங்களில் வடிவங்கள் தட்டையாக, நிழலின்றி, இரண்டு மூன்று நிறங்களில் இருக்கின்றன. திரை அச்சுக்கென்றே வரைந்தவை போலத் தோன்றும். பியூஜின் இறந்தது 1852இல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. எனவே இத்தகைய பழைய வடிவங்களை யாரும் எடுத்தாளலாம். கைப்பேசியில் தேடி எடுக்கும் இன்றைய படங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

தமிழ் மண்ணிலேயே முன்மாதிரிகள் உண்டு. பரங்கிமலையில் 1547இல் போர்ச்சுக்கீசியர் நிலம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையின் அடியிலிருந்து இருபுறமும் இலைச் சுருள்கள் எழுகின்றன. மேலே புறா இறங்குகிறது. சுற்றிலும் தூண்களும் வளைவும், வளைவின் விளிம்பில் பகலவி எழுத்துகளும் உள்ளன. கோட்டுருவாக வரைந்தால் ஒரே நிறத்தில் அச்சாகும். இதைவிடப் பொருத்தமான பீட முகப்பு வடிவத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சோழமண்டலக் கரையின் சாய வேலைக்கும் கிறிஸ்தவக் கோயில் துணிக்கும் உறவு பழையது. 18ஆம் நூற்றாண்டில் மதராஸில் குடியிருந்த ஆர்மேனிய வணிகர்கள் தங்கள் கோயில்களுக்கான திரைச்சீலைகளை இந்தக் கரையில் எழுதுவித்தனர். சோழமண்டலத் துணியில் தைத்த பூசை உடைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. தஞ்சை வட்டாரத்தின் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தொம்பை, வாசல்மாலை, தோரணம், விதானம் என்று தொங்கும் துணி ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி அளவும் தனிக் கட்டமைப்பும் உண்டு. கட்டங்கட்டமாகப் பிரித்து, கரை ஓட்டி, நடுவில் உருவத்தை நிறுத்தும் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டால் போதும். உருவம் மட்டும் விவிலியத்திலிருந்து வரும்.

தீவுக்கு ஏற்ற சின்னங்கள்

தலைநகரிலுள்ள மறைமாவட்டப் பேராலயம் ‘கடலின் விண்மீன்’ மரியாவின் பெயர் தாங்கியது. மறைமாவட்டம் 1984இல் அமைந்தது. விண்மீன் இந்தத் தீவுகளுக்கு இயல்பாகவே பொருந்தும் சின்னம். கீழே மூன்று அலைக்கோடு, மேலே எட்டுமுனை விண்மீன் என்றால் எட்ட நின்று பார்ப்பவருக்கும் புரியும். ஐந்துமுனையைத் தவிர்ப்பது நல்லது, கட்சிக் கொடி நினைவுக்கு வரும்.

நங்கூரம் நம்பிக்கையின் சின்னம். எபிரேயர் திருமுகம் (6:19) நம்பிக்கையை உயிரின் நங்கூரம் என்கிறது. உரோமை நிலவறைக் கல்லறைகளில் சிலுவையை நேராக வரையாமல் நங்கூரமாக வரைந்திருக்கிறார்கள். துறைமுக ஊரில் ஒரு எச்சரிக்கை: நங்கூரத்தைக் கயிறும் சக்கரமும் சேர்த்து வரைந்தால் அது கப்பல் கழகத்தின் முத்திரையாகிவிடும். குறுக்குக் கட்டையைச் சற்று நீட்டி, சிலுவை முதலில் தெரியும்படி வரைய வேண்டும். திருச்சபையைப் படகாகக் காட்டுவதும் பழைய மரபு. விற்பனைக்குக் கிடைக்கும் படங்களில் அது பெரும்பாலும் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல். நிக்கோபாரிகள் ஓட்டும், பக்கமிதவை கட்டிய ஹோடியை வரைந்தால் ஊர்ப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஹர்மிந்தர் பேயில் நிக்கோபாரிக் குடியிருப்பு இருக்கும் தீவில் அது வெறும் கற்பனைப் படமாகாது.

கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் சின்ன அந்தமானில் விளைவதில்லை. அவற்றுக்குப் பதிலாக நெல்லும் தேங்காயும் போடலாமே என்ற யோசனை அவ்வப்போது எழும். நற்கருணைப் பேழையின் திரையில் அந்த மாற்றம் சரியல்ல. திருப்பலியில் பயன்படும் அப்பம் கோதுமையிலும் இரசம் திராட்சையிலும் ஆனவையாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். சின்னம் அதைச் சுட்ட வேண்டும். தென்னைக்கு உரிய இடம் கரை. குருத்தோலை ஞாயிறன்று மக்கள் கையில் ஏந்துவது தென்னங்குருத்துதான். அதன் மடிப்பையும் பின்னலையும் கரை வடிவமாக்கினால் பாடுகளின் வாரத்துச் சிவப்புத் துணிக்கு வேறு எதுவும் தேவைப்படாது. தீவின் மாநில மலரான பைன்மா, தாழை இலை, கடற்சிப்பி ஆகியவையும் கரைக்கு ஏற்றவை. சிப்பி திருமுழுக்கின் சின்னமாதலால் திருமுழுக்குத் தொட்டியருகே தொங்கும் சீலைக்கு நன்றாகப் பொருந்தும்.

மயில் ஆதிக் கிறிஸ்தவக் கலையில் அழியாமையைக் குறித்தது. தமிழ்க் கண்ணுக்கு அது முருகனின் வாகனம். விளக்கம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்றால் அந்தச் சின்னம் தன் வேலையைச் செய்யவில்லை.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. டுகோங் கிரீக்கில் வாழும் ஓங்கே மக்கள் வெள்ளைக் களிமண்ணாலும் செம்மண்ணாலும் முகத்திலும் உடலிலும் தீட்டும் கோலங்கள் அவர்களுக்கு உரியவை. அச்சுக்கு எளிய வடிவங்கள் என்பதாலேயே அவற்றின்மேல் ஆசை வரும். நூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியிருக்கும் ஒரு குடியின் உடற்கோலத்தை, அவர்களைக் கேளாமல், அவர்களுடையதல்லாத ஒரு வழிபாட்டின் துணியில் அச்சிடுவது பண்பாட்டு இசைவு ஆகாது.

எழுத்து வேண்டுமா? ஹட் பேயில் வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, ராஞ்சியிலிருந்து வந்த குடும்பங்களின் சாத்ரி எல்லாம் காதில் விழும். பொதுமொழி இந்தி. ஒரு மொழியில் வசனம் அச்சிட்டால் மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. சின்னம் எல்லாருக்கும் பொது. ஆல்பா, ஒமேகா போன்ற கிரேக்க எழுத்துகள் எவருடைய தாய்மொழியும் அல்லாததால் அவற்றாலும் தகராறு வராது. ‘ஐ.எச்.எஸ்.’ என்பதைப் பலர் ஒரு இலத்தீன் வாக்கியத்தின் சுருக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் அவை இயேசு என்னும் பெயரின் கிரேக்க வடிவத்தில் வரும் முதல் மூன்று எழுத்துகள். மொழி எழுத்துக்கு உரிய இடம் திருவிழாக் கொடி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பறப்பதைப் போல அது சில நாள் மட்டும் பறந்து இறங்கும். ஆண்டுதோறும் மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

அளவும் வரைவும்

சுவரெழுத்துக்காரர்களின் கணக்கு துணிக்கும் பொருந்தும்: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயரம். கடைசி வரிசை பீடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்தோ சின்னத்தின் முக்கியப் பகுதியோ 125 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பீடம் 180 செ.மீ. நீளம், 95 செ.மீ. உயரம் என்றால் நடுச் சின்னம் 45 செ.மீ. அளவில் இருப்பது கண்ணுக்கு இதம். அதை உயரத்தின் சரிபாதியில் வைக்காமல் சற்று மேலே தூக்க வேண்டும். பூத்தொட்டிகள் பீடத்தின் அடியில்தான் வரிசைகட்டும். கீழ்ப்பாதியில் அச்சிட்ட செம்மறி பெருவிழா நாளில் செவ்வந்திக்குள் ஒளிந்துகொள்ளும்.

சின்னத்தை முழு அளவில் பழுப்புத் தாளில் வரைந்து, பீடத்தில் ஒட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதே சிறந்த சோதனை. கணினித் திரையில் பார்ப்பது ஏமாற்றும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு கோட்டுருவாக இருந்தால் எந்த அளவுக்கும் பெரிதாகும். ஒளிப்படமாக இருந்தால் முழு அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்குப் புள்ளிக்கோலம் நல்ல ஆசிரியர். ஒரு அலகு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓடும் வித்தை அதில் இருக்கிறது. முகப்பு முழுவதையும் நிரப்பாமல் கரையில் மட்டும் ஓடவிட்டால் சின்னத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நிறத்துக்கான விதி திருப்பலி உடையைப் பற்றியது. வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா, விரும்பினால் கறுப்பு, இரண்டு ஞாயிறுகளில் ரோஜா நிறம். பீட முகப்புக்கும் அதையே கடைப்பிடிப்பது வழக்கம். நான்கு நிறத்தில் நான்கு துணி, ஒரே திரையில் அச்சிட்ட ஒரே கரை என்பது சிறிய பங்குக்குச் சிக்கனமான தீர்வு. தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக் கூடாது என்பதால், ஊதாத் துணியில் பூக்கரை முரணாகத் தெரியும். அதற்கு மட்டும் வெறும் கோட்டுக்கரை.

துணியும் அச்சு முறையும்

கையால் எழுதும் கலம்காரி எல்லாவற்றுக்கும் மேலானது, விலையிலும் அப்படியே. கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தியில் துருவும் வெல்லமும் ஊறிய கறுப்பும் படிகாரம் பிடித்த சிவப்பும் எழுதப்படும். நேர்வெயில் படாத பேழைத் திரைக்கு, ஆண்டில் சில நாள் மட்டும் வெளியே வரும் துணிக்கு, அது தகும்.

அன்றாடத் துணிக்குத் திரை அச்சே ஏற்றது. நிறத்துக்கு ஒரு திரை என்பதால் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்வது பணத்துக்கும் அழகுக்கும் நல்லது. ஈரோடு, கரூர்ப் பகுதி அச்சகங்களுக்கு இது தினசரி வேலை. ‘பிக்மென்ட்’ பசையில் அச்சிட்டால் நிறம் இழையின் மேல் படியும். அதை ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் சில நிமிடம் பதப்படுத்த வேண்டும். ‘ரியாக்டிவ்’ சாயம் பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும். நீராவியும் அலசலும் தேவை என்பதால் செலவு கூடும், துணியின் மென்மை மாறாது. அடிக்கடி துவைபடும் துணிக்கு இரண்டாவதே மேல்.

ஒளிப்படம் போன்ற பல்வண்ணத்தைப் பாலியெஸ்டரில் வெப்ப மாற்று முறையில் அச்சிடுகிறார்கள். அந்தச் சாயம் பருத்தியில் நிற்காது. பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும், பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. ஆகவே வெளியே தொங்கும் கொடிக்கும் தொம்பைக்கும் தீவில் அதுவே நடைமுறைக்கு ஒத்தது. மதிப்புக்குக் குறைவில்லாத செயற்கைத் துணியைத் திருப்பலி உடைக்கும் விதிமுறைகள் அனுமதிக்கின்றன. ஆனால் மெழுகுவத்திக்கு அருகே அது வேண்டாம். உருகிச் சொட்டும். ஃபிளெக்ஸ் பேனருக்குப் பீடத்தின் பக்கமே வேலையில்லை. திருமண மண்டப வாசலில் நிற்பது அங்கேயே நிற்கட்டும்.

ஊரிலேயே செய்ய விரும்பும் இளையோருக்கு மர அச்சும் ஸ்டென்சிலும் போதும். பருத்தியை முதலில் கஞ்சி போக நனைத்துத் துவைத்துக் காயவைக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும் என்பதால் தைத்த பிறகு துவைத்தால் அளவு தவறும். மேசையில் கம்பளி விரித்து, மேலே துணியை ஊசியால் இறுக்கி, நடுவிலிருந்து இருபுறமும் அச்சிட்டுப் போக வேண்டும். முழுதும் உலர்ந்தபின் பின்பக்கமாகச் சூடான இஸ்திரி. மழைக்காலத்தில் இந்த உலர்தலுக்கு ஒரு நாள் போதாது. மரச்சட்டத் திரை ஈரத்தில் கோணிக்கொள்ளும், அலுமினியச் சட்டமே தாங்கும்.

பொன்னிறம் தனி எச்சரிக்கைக்கு உரியது. மலிவான பொன் பசையில் இருப்பது வெண்கலத் தூள். உப்புக் காற்றில் சில மாதங்களில் பச்சையும் கறுப்புமாக மாறும். அப்ரகத்தை அடிப்படையாகக் கொண்ட பொன்னிறம் கறுக்காது. அச்சகத்தாரிடம் எது என்று கேட்ட பிறகே வேலை கொடுக்க வேண்டும். அடர் மஞ்சள் ஒன்றைத் தேர்ந்து பொன் என்று நினைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

வரவழைத்தலும் பேணுதலும்

திருவிழாவுக்குப் பத்து வாரம் முன்பே வரைபடம் முடிவாகி, பங்குத்தந்தையின் இசைவும் பெற்றிருக்க வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் நாள்கள் போய்விடும். முழு வேலைக்கு முன் ஒரு முழம் மாதிரியை வரவழைத்து மூன்று சோதனை செய்யலாம். ஈர வெள்ளைத் துணியால் பத்துமுறை அழுத்தித் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா பார்ப்பது ஒன்று. இரண்டாவது, ஊர்த் தண்ணீரிலேயே மூன்று முறை துவைப்பது. பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் தொங்கவிடுவது மூன்றாவது. ஊதாவும் ரோஜாவும் வெளிறுவது இந்த மூன்றாம் சோதனையில் தெரிந்துவிடும்.

அச்சுத் துணியில் பிளீச்சிங் பவுடர் படக்கூடாது. மெழுகு சொட்டினால் உறையவிட்டுச் சுரண்டி, இருபுறமும் உறிஞ்சுதாள் வைத்து மிதமான இஸ்திரி போட வேண்டும். தொங்கவிட இரும்பு வளையமும் சேஃப்டி பின்னும் வேண்டாம். துருக்கறை போகாது. துணி நாடாவோ எவர்சில்வர் கொக்கியோ போதும்.

காற்றின் ஈரம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை தலைதூக்கும். ஹட் பேயில் அது பெரும்பாலான மாதங்களின் நிலை. ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி வைத்த துணி பெட்டிக்குள்ளேயே புள்ளி விழும். நன்றாக உலர்த்தி, துவைத்த வெள்ளைப் பருத்தியில் சுற்றி, மடிக்காமல் குழாயில் உருட்டி, தரையைத் தொடாத அலமாரியில் வைக்க வேண்டும். மடித்தால் அச்சு மடிப்பில் வெடிக்கும். மழை ஓய்ந்த நாள்களில் மாதம் ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விடுவது கோயில்பிள்ளையின் வேலைப் பட்டியலில் சேரட்டும்.

வரைபடத்தின் கோப்பும் நிற எண்களும் துணி அளவும் எழுதிய குறிப்பின் ஒரு படி கோயிலில், இன்னொரு படி தலைநகரில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை ஹட் பேக் கரையோரத்தில் ஆழிப்பேரலை புகுந்தபோது பலருடைய ஆவணங்கள் கட்டடத்தோடே போயின. கிழிந்து பயன் தீர்ந்த துணியைத் துடைப்புத் துணியாக்கும் வழக்கம் கூடாது. ஆசீர்வதித்த பொருளை எரிப்பதோ புதைப்பதோ மரபு. பருத்தி சாம்பலாகிவிடும், மண்ணோடும் மட்கும். பாலியெஸ்டர் எரித்தால் உருகிக் கட்டியாகும், புதைத்தால் அப்படியே கிடக்கும். எந்தத் துணியானாலும் அழிக்குமுன் அதன் கரையைக் கத்தரித்து அளவு பார்க்க எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த துணிக்கு மாதிரி ஆகும்.